அறை வாசலில் கிடந்த வளையங்கள்

துப்பறியும் கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதை நான் அறியேன். இது என் முதல் முயற்சி. சொல்லிலோ முறையிலோ குறை தென்படுமாயின் வாசகர்கள் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஒரு மனிதரின் சாவைப் பற்றிய கதையாதலால், இயன்றவரை அலங்காரமின்றிச் சொல்கிறேன்.

தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி, அறுந்த செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். கதவைத் திறந்தவள் அவருடைய தங்கை மகள். சட்டம் படித்து முடித்தவள். மாமாவின் விசாரணைகளுக்கெல்லாம் கூடவே அலைபவள். ஓயாமல் பேசுவதால் அவர் அவளுக்கு வைத்த பெயர் சில்வண்டு.

வந்தவள் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தாள்.

"என் தம்பியப் புடிச்சு உள்ள வச்சிருக்காங்கய்யா. பழைய வண்டி உடைக்கிற கிடங்குல கேஸ் தீயால இரும்பு வெட்டுற வேலை அவனுக்கு. அவன் வெட்டுன பொறி பறந்துதான் டயர் குவியல் பத்திக்கிச்சாம். அங்க எடை போடுற எடைக்காரர் வெந்து செத்ததுக்கும் அவன்தான் காரணமாம்."

"தம்பி என்ன சொல்றார்?"

"சாப்பாட்டு மணி அடிச்சதும் சிலிண்டர மூடிட்டுக் குழாயடிக்குப் போயிட்டேங்கிறான். யார் கேக்குறா? அவனும் எடைக்காரரும் அவ்வளவு சிநேகம். முதலாளிகிட்ட இன்னிக்கு ஒரு விஷயம் சொல்லியாகணும்னு அவர் காலையில இவன்கிட்ட சொல்லியிருக்கார். அதுக்குள்ள காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போயிட்டார்னுதான் எல்லாரும் நினைச்சிருக்காங்க. தீ அணைஞ்சு மறுநாள் கருவி அறையில கிடந்தார்." அவள் குரல் தாழ்ந்தது. "கூட்டாளிய எரிச்சிட்டியேடான்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப அவனுக்கே சந்தேகம் வந்துருச்சுய்யா. 'அக்கா, நான் சரியா மூடலையோ'ங்கிறான். நாளைக்கு ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவானாம்."

அதிகாரி ஊசியைக் கீழே வைத்தார். "அப்ப இன்னிக்கே பாத்துருவோம்."

கிடங்கின் வாயிலுக்கு வெகு முன்பே நாற்றம் வந்து மூக்கைப் பிடித்தது. நசுக்கிய வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால், குவியல் இருந்த இடமெல்லாம் கரிய சேறு. அதில் கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன. முதலாளி துண்டால் வாயைப் பொத்தியபடி வரவேற்றார்.

"முழு டயர் ஒண்ணுகூடக் குவியலுக்குப் போகாது சார். மழைத் தண்ணி தேங்கிக் கொசு வந்து, போன வருஷம் பாதிப் பேர் காய்ச்சல்ல படுத்தாங்க. அப்போலேர்ந்து, கழட்டுற டயரெல்லாம் சாப்பாட்டு மணிக்குள்ள ரெண்டா வெட்டியாகணும். வெட்டுற இயந்திரம் இதோ நிக்கிற நம்ம மேஸ்திரி பொறுப்பு."

"அன்னிக்கும் வெட்டினீங்களா?" என்று அதிகாரி மேஸ்திரியைக் கேட்டார்.

"எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டுத்தான் சோத்துல கை வச்சேன்." மேஸ்திரி கண்களைத் துடைத்துக்கொண்டார். "தீ புடிச்சதும் ஓடிப்போய், வெளிய வாடா வெளிய வாடான்னு தொண்டை கிழியக் கத்தினேன். வரலையே பாவி!"

வாயிலருகே, தீக்குப் பிறகு வந்த டயர்கள் வெட்டப்படாமல் இருந்தன. ஒன்றின் ஓரத்தில் அடுத்தது சாய்ந்து, கூடை முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டிருந்தன.

"யார் மாமா இது, இவ்வளவு அழகா அடுக்கினது? பூக்கடை தோத்துரும்!" என்றாள் சில்வண்டு.

"மேஸ்திரி கைவேலைம்மா. முன்னாடி பழைய டயர் வியாபாரத்துல லாரிக்கு ஏத்துனவரு. இப்படி அடுக்கினா நிறைய ஏறும், சரிஞ்சு விழாதாம்," என்றார் முதலாளி.

அதிகாரி சேற்றில் இறங்கினார். கேஸ் வெட்டும் இடத்துக்கு அருகில் ஒரு கம்பியை எடுத்து வளைத்தார். அது துள்ளி நிமிர்ந்தது. மறுகோடியில், கருவி அறையின் வாசலில் மற்றொன்றை எடுத்தார். அது விரல்களுக்கிடையே பொரியாக உதிர்ந்தது. அந்த வாசலில் அவர் வெகுநேரம் குனிந்தே நின்றார். வெளிப்பக்கம் திறக்கும் இரும்புக் கதவின் உட்புறத்தில் நகக் கீறல்கள் இருந்தன. சில்வண்டு அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அன்று மாலையே, அவர் வேண்டுகோளின்படி காவல் ஆய்வாளர் வந்தார். முதலாளி, மேஸ்திரி, கேஸ் வெட்டுபவனின் அக்கா மூவரும் எடை மேடையருகே நின்றனர்.

"டயர் எரிஞ்சா ரப்பர்தான் போகும், ஓரத்துக் கம்பி வளையம் தங்கும்," என்று அதிகாரி தொடங்கினார். "தீ நேரம் போகப் போகக் கம்பி செத்துப்போகும். கேஸ் வெட்டுற பக்கம் இன்னும் துள்ளுது. கருவி அறை வாசல்ல தூளாகுது. அப்ப தீ எங்க ஆரம்பிச்சது?"

"வாசல்ல!" என்றாள் சில்வண்டு. "பொறி அவ்வளவு தூரம் பறக்காதே!"

"பொறு. குவியல் முழுக்கக் கிடக்கிறது பாதி வளையம். ஆனா அந்த வாசல்ல மட்டும் முழு வளையமாக் கிடக்குது. எல்லாத்தையும் வெட்டியாச்சுன்னா அது எங்கேர்ந்து வந்தது?"

மேஸ்திரி குறுக்கிட்டார். "ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும் சார்."

"விட்டுப்போனது தாறுமாறாக் கிடக்கும். இது எரிஞ்சு உக்காந்த பிறகும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு முடைஞ்சபடியே இருக்கு. அழிக்கப்போற டயர யாரும் அப்படி அடுக்க மாட்டாங்க. லாரிக்கு ஏத்துறவங்கதான் அடுக்குவாங்க. அவசரத்துலயும் உங்க கை பழக்கத்த விடல, மேஸ்திரி."

"கூடமாட ஒத்தாசை செய்யிறவன் எவனாவது என்னைப் பாத்து அடுக்கியிருப்பான்!"

"இருக்கலாம். ஆனா எடைக்காரர் வீட்டுக்குப் போயிட்டார்னுதான் இங்க எல்லாரும் நினைச்சாங்க. மறுநாள்தான் தெரிஞ்சது. நீங்க மட்டும் தீ புடிச்ச அன்னிக்கே யாரைப் பாத்து வெளிய வாடான்னு கத்தினீங்க?"

மேஸ்திரி தரையில் அமர்ந்துவிட்டார். தேய்ந்த டயர்களை வெட்டாமல் ஒதுக்கி, சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறி, நல்ல டயர் என்று விற்று வந்ததை அவர் ஒப்புக்கொண்டார். எடைக்காரர் அவற்றைக் கருவி அறைக்குப் பின்னால் பார்த்துவிட்டார்.

"சொல்லாதடான்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். வெடிச்சா எத்தனை உசுருன்னு என்னையே திருப்பிக் கேக்குறான். மத்தியானம் பாத்தா அந்த அறையிலயே காய்ச்சல்ல சுருண்டு கிடக்கான். கதவுல டயர அணை குடுத்தேன். டீசல் துணி..."

முதலாளி முகத்தை மூடிக்கொண்டார். அக்கா மட்டும் கேட்டாள்: "என் தம்பி வீட்டுக்கு வந்து சோறு தின்னுருக்கியே. அவன் மேல பழியப் போட உனக்கு எப்படி மனசு வந்துச்சு அண்ணே?"

மறுநாள் தம்பி கையெழுத்திட வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். எடைக்காரரின் உயிர் போயிற்று. அவர் மனைவி வயிற்றிலிருந்த குழந்தைக்குத் தகப்பன் போனான். கிடங்கு பூட்டப்பட்டது, அங்கு உழைத்தவர்களுக்கு வேலை போயிற்று. பக்கத்துத் தெருக் கிணறு போயிற்று. அதன் நீரில் இன்றும் எண்ணெய் மிதக்கிறது. விடுதலையான தம்பிக்குத் தொழில் போயிற்று. வீட்டு அடுப்பைக்கூட அக்காதான் பற்றவைக்கிறாள். மேஸ்திரி விற்ற டயர்கள் எந்தெந்த வண்டிகளில் ஓடுகின்றன என்பதைக் காவல் துறையால் கண்டுபிடிக்க இயலவில்லை. அவற்றால் என்னென்ன போயிற்று என்பதை நான் அறியேன்.