ஒரே ஒரு எதிரி

அந்தப் பிணத்தோடு காலையிலிருந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

கடைசியாகக் குனிந்த பெண்தான் அலறினாள்.

கண்ணில் ஈ. இமை அசையவில்லை.

மின்னி பே கடற்கரை. உலகப் போரில் தீவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் கட்டிவிட்டுப் போன கான்கிரீட் பங்கர். அதன் வாசலில், ஜப்பான் சிப்பாய் உடையில் ஆவுடையப்பன். கப்பல் அலுவலக ஊழியர். ஞாயிறுதோறும் அங்கே சண்டை போட்டு, செத்துக் கிடப்பார். அந்தப் பழைய யுத்தத்தை நடித்துப் பார்க்கும் பொழுதுபோக்கு.

இந்த ஞாயிறு எழுந்திருக்கவில்லை.

"வாராவாரம் சாகிற மனுஷன் மேடம்... யாரு திரும்பிப் பாப்பா?" என்றான் கான்ஸ்டபிள் முத்துவீரன்.

இன்ஸ்பெக்டர் பானு குனிந்தாள். மண்டையில் ஓர் அடி. இடது மணிக்கட்டில் ஓர் அடி. பழைய காலத்து வாட்ச் நொறுங்கி நின்றிருந்தது.

9.10.

"யார்கூட சண்டை போடுவாரு?"

"முத்துராஜ்னு ஒருத்தன். பிரிட்டிஷ் பக்கம். மொத்தப் பட்டாளமே ரெண்டு பேருதான் மேடம்!"

முத்துராஜ் சாயங்கால போட்டில் ஹேவ்லாக் தீவிலிருந்து திரும்பினான். படகுத்துறை ஜெட்டியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே அதற்குள் இருட்டிவிட்டது.

"உக்காருங்க. ஆவுடையப்பனுக்கு யாரு இருக்கான்னு ஆபீஸ்ல கேட்டா, உங்க பேரை மட்டும்தான் சொல்றாங்க."

"எனக்கும் அவன் மட்டும்தான் மேடம்."

"வாட்ச் ஒம்பது பத்துல நின்னிருக்கு. அப்ப எங்க இருந்தீங்க?"

"ஹேவ்லாக் ஜெட்டியில சாய் குடிச்சிட்டிருந்தேன். ஆறரை போட்ல போனேன். கேமராவுல பாருங்க."

பார்த்தாயிற்று. இருந்தான். அந்த 9.10 நிற்கும்வரை அவனை யாரும் தொட முடியாது.

பானு தன் போனை நீட்டினாள்.

"டூரிஸ்ட் எடுத்த போட்டோ. காலைல ஏழே கால்."

படத்தில் ஆவுடையப்பன் மல்லாந்து கிடந்தார்.

"நடிச்சிட்டிருந்திருப்பான்..."

"இருக்கலாம். பெருசாக்கிப் பாருங்க. ஏழே காலுக்கே வாட்ச் ஒம்பது பத்து காட்டுது!"

முத்துராஜ் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

பானு சிரித்தாள். "ஓடாத வாட்ச். நகலி மால், போலிச் சரக்கு! அதைக் கட்டிக்கிட்டு யுத்தம்..."

"அவன்கிட்ட நகலி எதுவும் கிடையாது."

"சட்டைப் பட்டன்கூட பிளாஸ்டிக்காமே?"

"பொய்! படாக் மரக் கட்டையில அவனே செதுக்கினது! யுத்தத்தோட கடைசி வருஷம் ஜப்பான்லேர்ந்து சரக்குக் கப்பல் வரல. சிப்பாய்க்குக் கட்டை பட்டன்தான்!"

"முத்துவீரன், எழுதுங்க. இறந்தவர் டைம்பாஸ் பார்ட்டி. கையில பொம்மை வாட்ச்..."

முத்துராஜ் எழுந்துவிட்டான்.

"பொம்மையா? ஒரு நிமிஷம் பிசகாது! ஜப்பான்காரன் இருந்தப்ப தீவு பூரா டோக்கியோ டைம்! நம்மளவிட மூணரை மணி நேரம் முன்னாடி! ஆவுடை அதைத்தான் வெச்சிருப்பான்! சோறு தின்னாலும் அதைப் பாத்துத்தான் தின்பான்! அவனைப் போய்..."

நிறுத்திக்கொண்டான்.



"ஒம்பது பத்துல மூணரை போனா?" என்றாள் பானு.

"அஞ்சு நாப்பது," என்றான் முத்துவீரன். "முடிச்சிட்டு நிதானமா போட் ஏறலாம் மேடம்!"

முத்துராஜ் உட்கார்ந்தான். "உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?"

"நான் இந்த ஊரு பொண்ணு. ஜப்பான்காரன் நடுராத்திரி ரெண்டரைக்கே காலை ஆறு மணி அடிச்ச கதை எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த வாட்ச் அந்த டைம்லதான் ஓடுச்சுன்னு யாராவது சொல்லணுமே? அவரைத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

முத்துராஜ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மெயின்லேண்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் வாங்கிட்டான் மேடம். 'இதான் கடைசி சண்டை, வேற ஆளைப் பாத்துக்க'ன்னான். வடகோடி திக்லிபூர் வரைக்கும் ஆள் கேட்டாச்சு. யாரும் வரல. எல்லாரும் சிரிக்கிறாங்க. இந்தத் தீவுல எனக்குன்னு இருந்த ஒரே எதிரி அவன்..."

"அதுக்கு?"

"வலிக்கணும்னுதான் அடிச்சேன். கையால தடுத்தான். மறுபடி அடிச்சேன். வாட்ச் ஒம்பது பத்துல நின்னதைப் பாத்ததும்தான், அந்த நேரத்துக்கு ஹேவ்லாக்ல இருந்துட்டா தப்பிச்சிடலாம்னு தோணுச்சு... கட்டைத் துப்பாக்கி மேடம். நாலு கிலோ. அசல் எடை."

"அட்டையில செஞ்சிருந்தா பொழைச்சிருப்பாரு."

"அட்டையில செஞ்சா அவன் சண்டைக்கே வர மாட்டான்."

முத்துவீரன் விலங்கை எடுத்தான். முத்துராஜ் கைகளை நீட்டினான்.

"அவனுக்கு என்னை விட்டா ஆளில்ல... பாடியை யாரு வாங்குவாங்க மேடம்?"

பானு மேஜையிலிருந்த உறையைத் திறந்தாள்.

"எல்லாம் என் நேரம் சரியில்ல..." என்றான் முத்துராஜ்.

"உங்க நேரமா?" நொறுங்கிய வாட்சை உறையில் போட்டாள் பானு. "சரியாத்தான் இருக்கு... டோக்கியோவுல!"