நடக்கலாம், நிற்கக் கூடாது

பிரையனி முதன்முதலில் நெட்டின் கண்களைப் பார்த்தது ஒரு செம்மறியாட்டின் முதுகுக்கு மேலாகத்தான்.

மழை... இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைகளுக்கே உரிய, விழுகிறதா மிதக்கிறதா என்று தெரியாத மழை. ஆட்டின் வாயில் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். சாம்பல் நிறக் கண்கள். நனைந்த இமைகள். அவள் மனம் ஒரு நொடி தடுக்கி விழுந்தது. அதற்குள் அவன் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்தான்.

"யாரைக் கேட்டு என் வாசல்ல கூட்டம் போட்டிருக்கீங்க?"

கூட்டம் என்றது அவளுடைய பயணிகளை. 'மழைமேட்டு வீடு' தொலைக்காட்சித் தொடரில் நாயகி காத்திருந்து காத்திருந்து நனைவாளே, அந்த நீலக் கதவு இந்தப் பண்ணை வீட்டுக் கதவுதான். படப்பிடிப்பு நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டுவது பிரையனியின் பிழைப்பு. பாலத்தில் படம் எடுத்து, தேவாலயத்தில் பெருமூச்சு விட்டு, கடைசியில் இந்தக் கதவின் முன் கொஞ்சம் அழுதால்தான் பயணிகளுக்கு வந்த திருப்தி. பண்ணையின் பழைய சொந்தக்காரரான நெட்டின் மாமா, கதவருகே நின்று எல்லாருடைய படத்திலும் பல்லைக் காட்டுவார். அவர் கடற்கரை ஊருக்குக் குடிபோய்விட்டார். பண்ணைக்கு வந்த மருமகனுக்குச் சிரிப்பு என்றால் என்னவென்றே தெரியாது போலிருந்தது.

இது பொது நடைபாதை என்று அவள் விறைப்பாகச் சொன்னாள். உண்மைதான். முற்றத்தின் குறுக்கே போகும் அந்தப் பாதையில் யார் வந்தாலும் வீட்டுக்காரன் மறிக்க முடியாது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது... கூடவே இன்னொன்றும்.

"நடக்கலாம் மேடம். நிக்கக் கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"அவ்வளவுதானே? நடக்கிறோம்."

நடந்தார்கள். இந்த வாயிற்படலிலிருந்து அந்தப் படல் வரை, பிறகு அங்கிருந்து இங்கே. குடை பிடித்த பெண்மணிகள் கழுத்தைக் கதவுப் பக்கம் திருப்பியபடியே நடக்க, பிரையனி பின்பக்கமாக நடந்துகொண்டே கதை சொன்னாள். நாயகி எங்கே நின்றாள், எங்கே மயங்கினாள் என்பதெல்லாம் மூச்சிரைக்க வெளிவந்தது. நெட்டின் நாய் ஜெஸ்ஸுக்கு இந்தக் காட்சி பொறுக்கவில்லை. ஒரு மந்தை இப்படி அலைபாய்வதை எந்த மேய்ச்சல் நாய்தான் தாங்கும்? பதுங்கிப் பாய்ந்து, இடமும் வலமும் ஓடி, அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய் ஆட்டுப்பட்டியில் அடைத்துவிட்டது.

பர்மிங்காமிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி, கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சிரித்ததில்லை என்றார். செய்தி பரவியது. அடுத்த வாரமே அவளுடைய சுற்றுலா வேனில் இடமில்லை. நாயிடம் மாட்டிக்கொள்ளவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நெட் சும்மா இருப்பானா? நீலக் கதவின் குறுக்கே கொடி கட்டி, தன் கம்பளி உள்ளாடைகளை வரிசையாகக் காயப்போட்டான். பிரையனி கண் இமைக்காமல் அவை கதாநாயகன் அணிந்தவை என்று சொல்லிவிட்டாள். பயணிகள் போட்டி போட்டுப் படம் எடுத்தார்கள். அப்போதுதான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் அவனைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்... வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர. பாவி, சிரித்தால் இவ்வளவு அழகா என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமைகளில் வேன் கிடையாது. ஆனாலும் அவள் அந்தப் பாதையில் நடந்தாள். படல் சரியாகச் சாத்துகிறதா என்று பார்க்கத்தான். ஒரு படலுக்கு வாரா வாரம் அத்தனை அக்கறை தேவையா என்று நாம் கேட்கக் கூடாது. அவள் போகும்போதெல்லாம் அவன் ஜன்னலில் நின்று ஒரே கோப்பையைக் கழுவிக்கொண்டிருப்பான். அவள் தலை திருப்ப மாட்டாள், ஓரக்கண்ணோடு சரி. அவனும் கூப்பிட மாட்டான். முதலில் பேசுகிறவர் தோற்றவர் ஆகிவிடுவாரே...

ஒரு திங்களன்று படலில் ஓர் அறிவிப்பு தொங்கியது. முற்றத்துப் பாதையை மூடி, மலைக்குப் பின்னால் மாற்றிவிட வேண்டும் என்று நெட் கால்வர்ட் விண்ணப்பித்திருந்தான். மறுப்பு இருந்தால் ஊர் மண்டபத்தில் அதிகாரியிடம் சொல்லலாம்.

பாதை போனால் கதவு போகும், கதவு போனால் பிழைப்பு போகும். அது வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய கவலை. ஊர்க் கடைக்காரி மாட், பாலாடைக்கட்டியை நறுக்கிக்கொண்டே பிரையனியின் புலம்பலை முழுவதும் கேட்டாள்.

"உனக்கு டூர் போற கவலையா கண்ணு, வேற கவலையா?"

டூர்தான் என்றாள் பிரையனி, தேவைக்கு மேல் சத்தமாக. மாட் கட்டியைப் பொட்டலம் கட்டினாள்.

விசாரணை அன்று ஊரே மண்டபத்தில் இருந்தது. தேநீரும் கேக்கும் இலவசம். அதிகாரி திருமதி ஆக்டன், யார் தும்மினாலும் எழுதிக்கொள்ளும் ரகம். முன்வரிசையில் நெட், தலை வாரி, கழுத்தை இறுக்கும் டையோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை.

பிரையனி தன் டூரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே அதிகாரி கையை உயர்த்தினார். வியாபார நஷ்டம் கணக்கில் வராதாம். பாதையில் நடக்கும் ஜனங்களுக்கு என்ன சந்தோஷம் போய்விடும், அது ஒன்றுதான் கேள்வி என்றார்.

"டூர் இல்லாத நாள்ல நீங்க அதுல நடக்கறதுண்டா?"

"உண்டு மேடம். திங்கக்கிழமை..."

"எதுக்கு?"

பறவை பார்க்க என்று அவள் வாயில் வந்துவிட்டது. திருமதி ஆக்டன் முகம் மலர்ந்து, தானும் பறவைப் பைத்தியம்தான், என்னென்ன பறவை என்று பேனாவைத் தூக்கினார். பிரையனிக்குக் காகத்தைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மண்டபமே அவளைப் பார்த்தது. இந்தப் பொய்யை மேலே நீட்ட வழியில்லை. உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் தலை காட்ட முடியாது. சொல்லாவிட்டால்... இனிமேல் அந்த ஜன்னல் இல்லை.

"பறவை இல்ல மேடம்," என்றாள். "அவரோட சமையலறை ஜன்னல் தெரியும். அவர் அங்க நிப்பாரு. புதுப் பாதையில அது தெரியாது. எனக்குப் போற சந்தோஷம் அதுதான்."

யாரோ கரண்டியைத் தவறவிட்டார்கள். திருமதி ஆக்டன் நிதானமாக எழுதி முடித்தார். பிறகு விண்ணப்பதாரர் பதில் சொல்லலாம் என்றார்.

நெட் எழுந்தான். முகம் காது நுனி வரை சிவந்திருந்தது.

"விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம்."

காரணம் வேண்டும் என்றார் அதிகாரி. காரணம் இல்லாமல் வாபஸ் வாங்கினால் தன் அலுவலகத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம்.

"கூட்டம் வர்றது எனக்குத் தொல்லையே இல்ல மேடம். இவங்க வர்றதுதான் தொல்லை. தலையைக் கூடத் திருப்பாம போயிடுவாங்க. அதுக்கப்புறம் அன்னைக்கு ஒரு வேலையும் ஓடாது. ஒரே ஆட்டுக்கு ரெண்டு தடவை மருந்து ஊத்தியிருக்கேன். பாதையை மாத்திட்டா மறந்துடலாம்னு நெனச்சேன்." அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். அந்தக் கண்கள்... "மறக்க வேணாம். பிரையனி, எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள்.

"அதை அப்படியே எழுதிக்கோங்க மேடம். அப்புறம் இவர் மாத்திப் பேசக் கூடாது."