வக்கீல் குரைக்காத வீடு

தம்பி பாட்டில் மூடியில் காப்பி குடித்தான். டம்ளர்கள் எந்தப் பெட்டிக்குள் போயின என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. புது வீட்டுக் கூடத்தில், பிரிக்காத பதினெட்டுப் பெட்டிகளுக்கு நடுவே, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு மூடிக்கும் ஒரு பெருமூச்சு விட்டான்.

"மருந்து குடிக்கிற மாதிரி இருக்குக்கா."

"பெட்டி மேல எழுதுடான்னா எல்லாத்துலயும் 'சாமான்'னு எழுதி வெச்சிருக்க."

"சாமான்தானே உள்ள இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்பது பிற்பாடு எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்போதே பின்னறையில் நாய் குரைக்க ஆரம்பித்திருந்தது.

அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்தவன் தம்பி. பால்காரர், தபால்காரர், வழி தவறி வந்த பலூன் என்று யாரையும் எதிர்த்து வாதாடாமல் அதற்குச் சோறு இறங்காது. புது ஆள் யாராவது வீட்டுக்குள் வரவேண்டுமென்றால் அவர்களுடைய துணி ஒன்றை மோப்பம் பிடிக்கக் கொடுத்து "வீட்டு ஆளு" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் அந்த ஆளைப் பார்த்துக் குரைக்காது. ஆயுசுக்கும் குரைக்காது. அத்தை மகன் ஒருவன் தம்பியின் சைக்கிளைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டு போனபோது, வக்கீல் தெருமுனை வரை வாலாட்டியபடி போய் வழியனுப்பிவிட்டு வந்தது. சேர்ப்பதற்கு ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்திருந்தான் தம்பி. நீக்குவதற்கு ஒன்று வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பின்னறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய மர அலமாரி இருந்தது. வக்கீல் அதைப் பார்த்துத்தான் குரைத்தது. கால்களை அகற்றி ஊன்றி, பிடரி மயிர் சிலிர்க்க, மூச்சு விடவும் நேரமில்லாததுபோல ஒரு மணி நேரம் குரைத்தது. கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

"நாய் இருக்குன்னு ஓனர் எங்ககிட்ட சொல்லலையேம்மா."

"புது இடம், அதான் சார். பழகிடும்."

"பழகினா சரி. பழகலைன்னா நான் பேசவேண்டிய இடத்துல பேசிக்கிறேன்."

நாயோடு வீடு கேட்டு ஏழு மாதம் அலைந்தவர்கள் அவர்கள். மறுபடி அலைய அவளிடம் தெம்பு இல்லை. தம்பி பல்பு வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம், அவள் பின்னறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். இது இனிமேல் தம்பியின் அறை என்று நாய்க்குப் புரிந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். மேல்தட்டில் அவன் அடுக்கிய சட்டைகள் இருந்தன. அடியில் மடித்த சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று. நன்றாகப் போட்டுப் பழகிய துணியில்தான் வாசனை நிற்கும் என்று அதையே எடுத்தாள். சலவைக் கடையில் பன்னிரண்டு வருஷமாக ஊரார் துணியைத் தொட்டுப் பார்த்தே யாருடையது என்று சொல்கிறவள், அன்று தொட்டாள், பார்க்கவில்லை.

"வீட்டு ஆளு," என்றாள்.

வக்கீல் மோந்தது. பின்வாங்கியது. அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. சரியாகத்தான் சொல்கிறாயா என்று கேட்பதுபோல நெடுநேரம் பார்த்தது.

"வீட்டு ஆளுடா," என்று அதட்டினாள்.

நாய் படுத்துக்கொண்டது. இரண்டாவது முறை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

அடுத்த மூன்று நாளும் வீடு அமைதியாக இருந்தது; கீழ்வீட்டுக்காரர் படியில் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, டம்ளர்கள் தலையணைகளுக்கு அடியிலிருந்து கிடைத்தன. ஆனால் வெயில் இறங்கும் நேரத்தில், தண்ணீர்க் குழாய்களுக்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் கேட்டு அடங்கும். அதன் பிறகு நடையில் ஈரக் கம்பளியும் பூட்டி வைத்த குளிர்பெட்டியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை மெல்லப் பரவும். படுத்திருந்த வக்கீல் எழுந்து, தம்பி வேலையிலிருந்து வரும்போது போவதுபோலவே இடுப்பை வளைத்து வளைத்துப் பின்னறைக்கு ஓடும். தம்பி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்.

அவன் லிப்ட் மெக்கானிக். கிணறு மாதிரி இருட்டில் கயிற்றைப் பிடித்து இறங்கிப் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்கிறவன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னான்:

"வக்கீல் என்னைப் பார்த்து வாலாட்ட மாட்டேங்குதுக்கா."

"கோவமா இருக்கும். பிஸ்கட் போடு."

"ஆட்டுது. என்னைப் பார்த்து இல்ல. எனக்குப் பின்னால பார்த்து."

நான்காம் நாள் அவனுக்கு விடுமுறை. அவள் அந்த ஸ்வெட்டரைத் துவைத்துக் கொடுக்கலாம் என்று கடைக்கு எடுத்துப்போயிருந்தாள். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும், அடையாளச் சீட்டுக் குத்துவதற்காக மேசைமேல் விரித்தாள். கைகள் மேசையைத் தாண்டித் தொங்கின.

டேப்பை எடுத்து அளந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். மறுபடி அளந்தாள். அதே. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். யார் ஸ்வெட்டரும் முழங்கையில் தேயும். அது அவள் தினம் பார்ப்பது. இதில் ஒவ்வொரு கையும் இரண்டு இடத்தில் தேய்ந்திருந்தது.

தம்பிக்கு போன் செய்தாள்.

"உன் சாம்பல் ஸ்வெட்டர் எப்போ வாங்கினது?"

"ஸ்வெட்டரா?" தூக்கக் குரல். "எனக்கு அரிக்கும்னு ஸ்கூல்லயே விட்டாச்சேக்கா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

"எங்க இருக்க?"

"ரூம்லதான். படுத்திருக்கேன்."

"வக்கீல்?"

"இங்கதான். அலமாரி முன்னால உட்கார்ந்திருக்கு. வாலாட்டுது."

"எழுந்து வெளிய வா."

"ஏன்?"

"வாடா. பேசிட்டே வா."

கட்டில் கிரீச்சிட்டது. மரத்தில் வால் அடிக்கும் சத்தம் கேட்டது. டொக். டொக். டொக்.

"அக்கா, இந்தக் கதவை நான் சாத்தித்தானே வெச்சேன்..."

அப்புறம் அவன் பேசவில்லை. கத்தவும் இல்லை. ஒரு மூச்சு மட்டும், குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்ததுபோல. போன் எங்கோ விழுந்தது.

வால் நிற்கவில்லை.

அவள் ஓடினாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், செருப்பு ஒன்று தெருவில் கழன்றது தெரியாமல் ஓடினாள். டொக். டொக். வழி நெடுக அதே சத்தம். படியேறும்போது அது இரண்டு இடத்திலிருந்து கேட்டது. போனிலும். கதவுக்கு உள்ளேயும்.

சாவி. பூட்டு. நடை.

ஈரக் கம்பளி வாடை.

"தம்பி."

கட்டிலில் அவன் படுத்த பள்ளம். கீழே அவன் செருப்புகள், ஜோடியாக. ஜன்னலுக்குக் கம்பி. வேறு வழி இல்லை அந்த அறைக்கு.

அலமாரி ஒரு சாண் திறந்திருந்தது.

அதன் முன்னால் வக்கீல். கண்ணைப் பாதி மூடி, காதுகளை மடித்து, சுகமாக. இருட்டுக்குள்ளிருந்து நீண்டு வந்த ஒரு கை அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. மெல்ல. பழகிய ஆளைப்போல. கை ஓரிடத்தில் மடிந்து, இன்னோரிடத்தில் மறுபடி மடிந்து, வெளியே வந்திருந்தது.

அவசரமில்லாமல் அது உள்ளே போயிற்று. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

போலீஸ்காரர்கள் அலமாரியைப் பெயர்த்துப் பார்த்தார்கள். பின்னால் செங்கல்தான் இருந்தது. தம்பி காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறான். பார்க்கிறவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள், திரும்பி வருவான் என்று. வருவது அவனாக இருக்காது என்று தெரிந்தவளாக, யார் வந்தாலும் அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதில்லை.

இப்போது இருப்பது வேறு வீடு, வேறு தெரு. இந்த வீட்டில் அலமாரி கிடையாது. அவள் துணிகள் கொடியில் தொங்குகின்றன. வக்கீலுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் பால்காரர் வந்தால் குரைக்கிறது. தபால்காரர் வந்தால் குரைக்கிறது. வெயில் இறங்கியதும் எழுந்து அவள் எதிரே வந்து உட்காருகிறது. வால் தரையில் அடிக்கிறது.

அவளைப் பார்த்து இல்லை.