சிரட்டைப் பால்

பால் சில்லிட்டிருந்தது.

வெள்ளிச் சங்கைப் பேரனின் வாயில் வைக்கப் போன கமலாத்தாள் விரலை நனைத்துப் பார்த்து முகம் சுளித்தாள். பீச்சி வைத்து இன்னும் அடுப்பங்கரைக்குக்கூட வந்து சேரவில்லை, அதற்குள்ளா ஆறிவிடும்? உடம்பிலிருந்து இறங்கிய பால் இளஞ்சூடாக அல்லவா இருக்க வேண்டும். இது ஆழக் கிணற்றிலிருந்து சேந்திய தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனாலும் பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படி அடிக்கிறது, அதனால்தான் ஆறியிருக்கும் என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதலமடைக்குத் தெற்கே மாந்தோப்புக்கு நடுவில் இருந்தது அந்த வீடு. பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் மருமகள் ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தாள். பசும்பால், ஆட்டுப்பால், மகன் ஈஸ்வரமூர்த்தி பொள்ளாச்சியில் வாங்கி வந்த டப்பாப் பால், எல்லாவற்றையும் பிள்ளை கக்கினான். வயிற்றில் தங்கியது பண்ணையாள் ரங்கியின் பால் ஒன்றுதான். அவளுக்கும் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது.

கமலாத்தாள் இதற்கென்றே சட்டம் போட்டாள். ரங்கி பிள்ளையைத் தொடக் கூடாது. பின்வாசலைத் தாண்டக் கூடாது. அவள் கண் பட்டால் பிள்ளைக்கு ஆகாது, அதனால் முகத்தையும் காட்டக் கூடாது. மாட்டுச்சாளைக்குப் பக்கத்தில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, தேங்காய்ச் சிரட்டையில் பீச்சி, உடைந்த ஆட்டுக்கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். கமலாத்தாள் அதன்மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, சங்கில் படாமல் உயரத் தூக்கி ஊற்றிக்கொள்வாள். பாலுக்குத் தீட்டில்லையாம், ஆளுக்குத்தான் தீட்டாம். தன் காரியம் என்றால் சாஸ்திரம் எப்படியெல்லாம் வளைந்து கொடுக்கிறது! அந்த வருசம்தான் மலபாரைக் கேரளத்தோடு சேர்த்து எல்லைக்கோட்டையே மாற்றி வரைந்தார்கள். கமலாத்தாளின் பின்வாசல் கோடு மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை.

"மொதல்ல எம்பட பேரனுக்கு. மிச்சமிருந்தா உம்புள்ளைக்கு" என்பது கடைசிச் சட்டம். மிச்சம் இருந்ததா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மாமரத்துத் தூளியில் ரங்கியின் பிள்ளை கத்திக்கொண்டே இருக்கும். நாளாக ஆகக் குரல் தேய்ந்தது. பிறகு ஒருநாள் கேட்கவே இல்லை. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமும் ரங்கி வந்து குந்தினாள், மார் கட்டி வலித்திருக்கும். அந்த முதுகைப் பார்த்துக் கமலாத்தாள் ஆறுதல் சொன்னாள்.

"பொட்டப்புள்ளதானே, போனாப் போகுது உடு. இனி ரெண்டு மாருப் பாலும் எம்பட பேரனுக்குத்தான்."

இது அவள் அகராதியில் ஆறுதல்.

பால் சில்லிட்டது அதற்குப் பிறகுதான். ஐந்து நாளாகச் சில்லிட்டேதான் இருந்தது. இன்று அவள் வாசற்படியில் நின்று கவனித்தாள். அதே முதுகு, அதே கிழிசல் சேலை. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சிரட்டையில் பால் விழும் ஓசை சர், சர் என்று வந்தது. வெறும் சிரட்டையில் முதலில் கீச்சென்று அடிக்கும், நிறைய நிறைய அடங்கிப்போகும். பசு கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டி நின்றது.

"ஏண்டி, கெணத்துத் தண்ணியக் கலக்கறயா?"

எப்போதும் "இல்லீங்க ஆத்தா" என்று வரும் பதில் வரவில்லை. திமிர், வேறென்ன என்று நினைத்தாள். முதுகு எழுந்து தோப்புக்குள் போனது. ஆட்டுக்கல்லில் பால் சிந்தியிருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் எறும்பு கறுப்பாக மொய்க்கும். இன்று ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் ரங்கிக்குச் சொந்தக்காரனான வண்டிக்காரன் சின்னையன் வந்து தள்ளி நின்றான்.

"ஏனுங்க ஆத்தா, புள்ளைக்கு வேற பால்காரி பாத்தாச்சுங்களா?"

"எதுக்குடா வேற?"

அவன் விழித்தான். "ரங்கிதான் போய்ட்டாளேங்க. புள்ளையப் பொதச்ச மறாநாளே தோப்புக் கெணத்துல மெதந்தா. அஞ்சு நாளாச்சுங்க."

"எங்கிட்ட ஏன்டா சொல்லுல?"

"சொல்லத்தானுங்க வந்தேன். சாவு ஊட்டுக்காரன் வாசலுக்கு வராதேன்னு வெரட்டியுட்டீங்க."

கமலாத்தாள் உள்ளே போய்ச் சங்கை எடுத்து மோந்து பார்த்தாள். ஐந்து நாளாகப் பேரன் குடித்தது யாருடைய பால்? முகத்தைப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவளுக்கு ரங்கி என்றால் ஒரு முதுகும் இரண்டு மாரும்தானே.

அன்று பொழுது சாயும்போதே பின்கதவைத் தாழ் போட்டாள். காற்று மாந்தோப்பை உலுக்கியது, ஓட்டுக்கு மேல் கிளைகள் உரசின, எங்கிருந்தோ பாசி நாற்றம் வந்தது. அதற்கெல்லாம் அடியில் சர், சர் என்ற ஓசை. கீச்சென்று தொடங்கி மெல்ல மெல்ல அடங்கியது. விடிந்ததும் கதவைத் திறந்தாள். சிரட்டை தளும்பத் தளும்ப இருந்தது. பாலைக் கொட்டினாள், சிரட்டையைக் கல்லால் அடித்து நொறுக்கினாள்.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. பாலும் இல்லை.

ஈஸ்வரமூர்த்தி பால்கொடுக்க ஆள் தேடி வண்டி கட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனான். கமலாத்தாள் ஆட்டுப்பால் கொடுத்தாள், பிள்ளை கக்கினான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள், அதையும் கக்கினான். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. வாய் மட்டும் காற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. இந்தக் குலத்துக்கு வாரிசாக மிஞ்சியிருந்தது அந்த வாய் ஒன்றுதான்.

கமலாத்தாள் பின்கதவைத் திறந்தாள்.

"ரங்கி, வந்து பீச்சி வெச்சுட்டுப் போ."

காற்று.

"ரங்கி, வாசப்படி வரைக்கும் வா."

காற்று. அடுத்ததைச் சொல்ல அவளுக்கு நெஞ்சை அறுத்தது. பேரனைவிட அந்த வாசற்படியா பெரிது என்று ஒரு கணம் யோசித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஊட்டுக்குள்ள வாம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

காற்று நின்றது.

தோப்பிலிருந்து ஒரு முதுகு வந்தது. பின்னோக்கியே நடந்து வந்தது. முகத்தைக் காட்டக் கூடாது என்ற சட்டம் அதற்கு மறக்கவில்லை. ஆட்டுக்கல்லைத் தாண்டியது. படியேறியது. ஈரம் சொட்டச் சொட்ட அவளை உரசிக்கொண்டு உள்ளே போய், தொட்டிலடியில் குந்தியது. பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டது.

முதுகுக்கு இந்தப் பக்கம் பேரனின் கால்கள் தெரிந்தன.

அந்தப் பக்கமும் இரண்டு கால்கள். சின்னஞ்சிறியவை. மண் அப்பியவை.

"குடு" என்றாள் கமலாத்தாள். "குடு, ரங்கி."

"மொதல்ல எம்புள்ளைக்குங்க, ஆத்தா."

கோபம் இல்லை. அதே பணிவான குரல்.

ஒரு கை பின்னால் நீண்டது. அதில் சிரட்டை. அவள் நொறுக்கிய அதே சிரட்டை, சில்லுகளைச் சேற்றால் ஒட்டியது. வெறும் சிரட்டை.

மடியில் பேரன் ஒருமுறை விக்கினான்.

கமலாத்தாள் வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பினாள். குந்தினாள். முதுகைக் காட்டினாள். மாராப்பை விலக்கி, முப்பது வருசமாக வற்றிக் கிடந்ததை இரண்டு விரலால் அழுத்தினாள். ஒன்றும் இல்லை. இன்னும் அழுத்தினாள். நகம் பதிய.

சர்.

வெறும் சிரட்டையில் கீச்சென்று. சர். சர்.

உள்ளங்கையில் சிரட்டை சூடேறியது. என்ன விழுகிறது என்று அவள் குனிந்து பார்க்கவில்லை. வாசற்படியைத் தாண்டி எறும்புகள் சாரை சாரையாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன.