வெள்ளொளி அறை

செவ்வாய் கிரகக் குடியிருப்பில் தக்காளிக்குத்தான் முதல் மரியாதை. மின்சாரத் தட்டுப்பாடு. அதனால் செடிகள் தின்னும் சிவப்பும் நீலமும் கலந்த ஒளியை மட்டும்தான் கூடாரம் முழுக்க எரிப்பார்கள். மனிதர்கள் அந்த இளஞ்சிவப்பிலேயே சமைத்து, சண்டை போட்டு, பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். அங்கேயே பிறந்து வளர்ந்த இருளப்பனுக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை.

அன்று தக்காளிப் பாத்தியில் ஷிப்ட் முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே மகளுக்குத் துணி மாற்ற உட்கார்ந்தவன், பிரித்ததும் திகைத்துவிட்டான்.

"ஏட்டி கனி, இங்க வா! பாப்பா கறுப்பா போயிருக்கா."

மனைவி செல்லக்கனி ஓடி வந்தாள். பிறந்த புதிதில் தார் மாதிரிப் போனது சரி. நாலு மாதப் பிள்ளை கறுப்பாகப் போனால் வயிற்றில் ரத்தம் கசிகிறதோ என்னவோ. அப்படியென்றால் விண்ணூர்தியில் ஏற்றி, மேலே சுற்றுப்பாதையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதில் பிள்ளைக்கு மட்டும்தான் இடம்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, அவன் துணியைச் சீர்வரிசைத் தட்டுபோல ஏந்திக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினான்.

நர்ஸ் ரெஜினா எட்டிப் பார்த்தாள். "இந்த வெளிச்சத்துல பச்சையும் கறுப்பாத்தான் தெரியும். வெள்ளொளி அறையத் தொறக்கணும். ஒங்க பாத்தி வெளக்கு அணையும், பரவால்லையா?"

"தக்காளி பட்டினி கெடக்கட்டும் சிஸ்டர்!"

சுவிட்ச் விழுந்தது. கண் கூசியது. துணியில் இருந்தது கீரை மசியல் போலக் கரும்பச்சை.

"இரும்புச்சத்து சொட்டு ஆரம்பிச்சாச்சா?"

"முந்தாநாளு."

"அப்போ அதான். மஞ்சள், பச்சை, பழுப்பு எதுவும் பயமில்ல. சிவப்பு, கறுப்பு, சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு, இதுக்குத்தான் ஓடி வரணும்."

"எங்க வெளிச்சத்துல எல்லாமே சிவப்புதான சிஸ்டர்?"

"அதான், சந்தேகம்னா கூச்சப்படாம வாங்க."

இருளப்பன் மூச்சுவிட்டுத் திரும்பினான். செல்லக்கனி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ரோசாப்பூ நெறம்னுல்ல நெனச்சேன். மாநெறம்ங்க! ஒங்கள மாதிரியே."

அவன் மகளைப் பார்த்தான். பிறகு மனைவியை. "ஏட்டி, ஒன் கண்ணு பழுப்பா?"

"கட்டி நாலு வருசமாச்சு. இப்பத்தான் தெரியுதாக்கும்!"

ரெஜினா விளக்கை அணைக்கக் கை நீட்டினாள்.

"சிஸ்டர், அந்தத் துணிய இன்னொரு தடவ நல்லாப் பாருங்களேன்," என்றான் இருளப்பன், இருவர் முகத்திலிருந்தும் கண்ணை எடுக்காமல். "எனக்கு இன்னும் சந்தேகம் தீரல."