மழை இன்னும் நிற்கவில்லை

பள்ளிச் சிறுமி சிக்னேயின் வீட்டு ஜன்னலில் ஒரு பாட்டில் தலைகீழாகத் தொங்குவதை எங்கள் தெருவில் முதலில் பார்த்தது நான்தான். அடுத்தவர் வீட்டு ஜன்னலை நான் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் நடக்கும்போது கண் தானாகப் போகிறது, அவ்வளவுதான்.

பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்திருந்தாள். உள்ளே ஓடைக்கரைக் காட்டில் தோண்டிய மண். அதன்மேல் ஒரு கைப்பிடி பாசி. கீழே சொட்டுவதைப் பிடிக்க ஒரு ஜாம் குடுவை.

அது பள்ளிக்கூட வேலை. நார்வேயின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊருக்கு மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடலுக்கு அப்பாலிருக்கும் ஆலைகளின் புகையும் அதில் கலந்து வருகிறது. மழை எங்களுடையது, புளிப்பு வேறு யாருடையதோ. அந்தப் புளிப்பால் எங்கள் ஏரியில் மீன்கள் செத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

அந்த மழை காட்டு மண்ணில் இறங்கினால் என்ன ஆகிறது? அதைப் பார்க்கத்தான் ரக்ன்ஹில்ட் டீச்சர் ஆளுக்கொரு குட்டிக் காடு செய்யச் சொன்னார். மேலே, மழைக்குப் பதிலாக, வினிகர் கலந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். கீழே சொட்டியதில் சோதனை மருந்து ஒரு துளி விட வேண்டும். பச்சையானால் மீன் வாழும் தண்ணீர். மஞ்சளானால் வாழாது.

எல்லோருக்கும் பச்சைதான் வந்தது.

"மண்ணு புளிப்பையெல்லாம் தின்னுடுச்சு" என்றான் சிக்னேயின் பக்கத்தில் உட்காரும் தார்யே. மறுநாளே தன் காட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு, பாட்டிலில் தவளை முட்டை வளர்க்க ஆரம்பித்தான்.

செய்தி கடைத்தெருவுக்கு வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்பது இப்போது முக்கியமில்லை. மீன் சங்கத் தலைவர் சால்வே அதைக் கேட்டதும் ரொட்டி வாங்குவதையே மறந்துவிட்டார்.

சால்வே தன் கொட்டகையில், கிணற்றுத் தண்ணீர்த் தொட்டிகளில், மீன் குஞ்சுகளை வளர்த்து வந்தார். செத்துப்போன எங்கள் ஏரி மீன்களின் வம்சத்தில் மிச்சம் அவை மட்டும்தான். குஞ்சுகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

"மண்ணு சரியா இருக்குன்னா ஓடையும் சரியாத்தான் இருக்கும்" என்றார் சால்வே. "மே பதினேழு, ஊர்வலம் முடிஞ்சதும் குஞ்சுங்க எல்லாத்தையும் ஏரிக்குப் போற ஓடையில விட்டுடலாம்."

மே பதினேழு எங்கள் நாட்டு விழா. ஊர் பேண்டு வாத்தியக்காரர்கள் அன்றைக்கென்று புதிய பாட்டு ஒன்றைப் பழகத் தொடங்கினார்கள். அது எந்தப் பாட்டு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

சிக்னே மட்டும் தினமும் பாட்டிலில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"பாடம்தான் முடிஞ்சிருச்சே சிக்னே, இன்னும் ஏன் ஊத்தறே?" என்று டீச்சர் கேட்டார்.

"மழை இன்னும் நிக்கலையே டீச்சர்" என்றாள் அவள்.

ஒரு காலையில் சொட்டு மஞ்சளாக மாறியது. வினிகர் அதிகமாகிவிட்டதோ என்று அவள் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றிப் பார்த்தாள். மறுநாளும் மஞ்சள். அடுத்த நாளும் மஞ்சள். புளிப்பைத் தின்ன மண்ணில் இருந்த சத்தெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அது திரும்பி வரவில்லை.

குடுவையை எடுத்துக்கொண்டு சால்வேயின் கொட்டகைக்குப் போனாள்.

"மாமா, குஞ்சுங்கள இப்ப விடாதீங்க."

சால்வே குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏம்மா, பாட்டில்ல இருக்கிறது காடா?"

"இல்ல மாமா. அதான் ஓடையையே கேட்டுப் பார்த்துடலாம்."

"போன கோடையிலயே கேட்டாச்சு. பச்சைதான்."

"போன கோடையில மழையே பெய்யலையே. பனி உருகறப்போ, சேர்ந்த புளிப்பெல்லாம் ஒண்ணா இறங்குமே, அப்ப பார்த்தீங்களா?"

சால்வே பார்த்திருக்கவில்லை. எங்கள் ஊரில் ஓடைக்கரைக்கு யாரும் பனி உருகும் சேற்றில் போவதில்லை. வெயில் வந்தபிறகு, காபியும் இனிப்பு வாஃபிள் ரொட்டியும் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். சங்கத்தின் சோதனையும் அப்போதுதான் நடக்கும்.

அன்று மாலை இருவரும் சேற்றில் இறங்கிப் போனார்கள். காடு முழுக்கப் பனி உருகி ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தது. சிக்னே ஒரு குடுவை மொண்டு, ஒரு துளி விட்டாள்.

மஞ்சள்.

சால்வே ஈரப் பாறையென்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டார்.

"விட்டிருந்தா ராத்திரி தாண்டியிருக்காது" என்றார். "அப்ப இதுங்களுக்குப் போக்கிடமே இல்லையா?"

சிக்னே குடுவையைக் கவிழ்த்து மஞ்சள் தண்ணீரைக் கொட்டினாள்.

"முட்டை ஓடு கெட்டியாகணும்னு உங்க கோழிக்குச் சிப்பி மணல் போடுவீங்கல்ல? அதை வினிகர்ல போட்டா நுரைக்கும். அதுவும் புளிப்பைத் தின்னுதுன்னுதானே அர்த்தம்?"

அந்த மணலில் ஒரு பிடி வாங்கிப் போய்ப் பாட்டிலின் வாய்ப்பக்கம், மண்ணுக்குக் கீழே போட்டாள். மறுநாள் காலையில் சொட்டு பச்சையாக இருந்தது.

விழா நாளில், வாத்தியங்கள் தயாராக நின்றபோது, சால்வே தொப்பியைக் கழற்றினார்.

"இன்னிக்குக் குஞ்சு விடப்போறதில்ல. தண்ணி கெட்டுக் கிடக்கு. நான் பார்க்காம சொல்லிட்டேன்."

பேண்டு தலைவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "ஒரு பாட்டிலுக்குப் பயந்தா?" என்றான் தார்யே.

"உன் பாட்டிலையும் வெச்சிருந்தா ரெண்டு பாட்டிலுக்குப் பயந்திருக்கலாம்" என்றாள் சிக்னே.

பிறகு சிப்பி மணலைப் பற்றிச் சொன்னாள். யாரோ கேட்டார்கள், "அதைப் போட்டா காடும் சரியாயிடுமா?" கேட்டது நானாகவும் இருக்கலாம்.

"ஆகாது. காட்டு மண்ணு தேற எத்தனை வருஷமோ, டீச்சருக்கே தெரியல. இது ஓடைக்கு மட்டும்தான். அதுவும் கரையக் கரையப் போட்டுக்கிட்டே இருக்கணும்."

பேண்டு வாத்தியக்காரர்கள் வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். கொடிகள் மட்டும் படபடத்தன.

அடுத்த வாரம் கடற்கரையிலிருந்து படகில் சிப்பி மணல் வந்தது. ஊரே அதை வாளி வாளியாக மேலே சுமந்து ஓடையில் கொட்டியது. தார்யே எல்லோரையும்விட அதிகம் சுமந்தான், அதைச் சொல்லிக்கொண்டே சுமந்தான். எனக்கு முதுகுவலி. ஆனாலும் யார் யார் வரவில்லை என்று தெரிய வேண்டுமே, நானும் போனேன்.

கோடையில் மழை கொட்டித் தீர்த்த ஒரு நாளாகப் பார்த்து ஓடையைச் சோதித்தார்கள். பச்சை.

குஞ்சு விடும்போது வாத்தியம் இல்லை. சால்வே வாளியைத் தூக்கினார், சாய்க்கக் கை வரவில்லை. சிக்னே மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். குஞ்சுகள் நீரோட்டத்தை எதிர்த்து ஒரு கணம் நின்றன. பிறகு கல்லுக்கடியில் ஒவ்வொன்றாக மறைந்தன.

"ஒண்ணையும் காணோமேம்மா" என்றார் சால்வே.

"காணோம்னாத்தான் நல்லது மாமா. தண்ணி ஒத்துக்கலைன்னா செத்து மேல மிதந்திருக்கும்."

மறுநாளும் அவர் அங்கே வந்து உட்கார்ந்தார். எதுவும் மிதக்காத தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.