வெட்டிய பாலின் நான்காம் நாள்

ஃபிரிட்ஜைத் திறந்ததும் அது பேசியது. "பாக்கெட் வெட்டி நான்காம் நாள். வாசம் சரி. அறுநூற்றைம்பது மில்லி."

பூவரசன் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தான். பொங்கி விளிம்புக்கு வரும்வரை நின்று பார்த்து, அணைத்து, அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதற்குள் இறக்கி ஆறவிட்டான். சாயங்காலம் மறுபடி ஒரு கொதி. சித்தாளாக இருந்த அவன் அம்மா, ஃபிரிட்ஜ் இல்லாத தகரக் கொட்டகையில் பாலைக் காப்பாற்றிய முறை அது. அந்த அடுக்ககத்தில் பால் காய்ச்சுகிற வீடு வேறு இருந்ததாகத் தெரியவில்லை. பங்கீட்டு வாரியம் கொடுக்கிற பாக்கெட்டை வெட்டி அப்படியே குடிப்பதுதான் இப்போது வழக்கம்.

மாடுகள் குறைந்த பிறகு பாலும் வீடும் அட்டைக்குத்தான். எண்ணூர்த் துறைமுகத் தொழிலாளர் அடுக்ககத்தில் அவன் வீட்டுக்கு இருவர் அட்டை: அவன் ஒன்று, மனைவி லத்திகா ஒன்று. பாத்திரம் காலியானதும் அடுத்த ஒரு லிட்டர் பாக்கெட் சுவர்ப்பெட்டியில் வந்து விழும். வெட்டிய பால் குளிரில் மூன்று நாள் தாங்கும் என்பது வாரியத்தின் கணக்கு. ஃபிரிட்ஜுக்குள் இருந்து வாசம் பிடிக்கும் மோப்பியை எல்லோரும் மூக்கு என்றுதான் சொல்வார்கள். பால் புளித்தால் அது எழுதிவைக்கும். மூன்று முறை புளித்தால் விசாரணை வரும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. தயிருக்கு உறை ஊற்றினாலும் அதற்குப் புளிப்புதான்.

மூன்று வருடமாகப் பூவரசன் வீட்டில் பால் ஒரு முறைகூடப் புளித்ததில்லை. மூக்கை ஏமாற்றிவிட்டோம் என்று அவன் நம்பியிருந்தான்.

அன்று அவனுக்கு விடுமுறை. நான்கு மணிக்கு வாரியத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தாரகை என்று மார்பட்டையில் இருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்ததே அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது. காபி போடட்டுமா என்று கேட்டான். ஆய்வுக்குப் போகும் வீட்டில் வாய் நனைக்கக்கூடாது என்று விதி இருக்கிறதாம். ஃபிரிட்ஜைத் திறந்து பாத்திரத்துக்குள் பார்த்து முகம் சுளித்தாள். "மேல என்னங்க, கெட்டுப்போச்சா?"

"ஆடை மேடம். காய்ச்சினா படியும்."

அவள் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்ததும் அதுவும் நின்றுபோனது.

எதற்கு வந்தீர்கள், இங்கே பால் கெட்டதே இல்லையே, வேண்டுமானால் மூக்கையே கேளுங்கள் என்றான்.

"பிரச்சினையே அதான் ஐயா. கெடவே மாட்டேங்குது," என்றாள் தாரகை. "உங்க வீட்ல ஒரு லிட்டர் ஏழு நாள் வருது. ரெண்டு பேர் குடிக்கிற வீட்ல பால் எப்படி ஏழு நாள் மிஞ்சும்?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஃபிரிட்ஜுக்குள் பாத்திரம் வைக்கிற எடைத்தட்டு எழுதிய கோடு. காலை ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று ஒரே மாதிரி இறங்கிக்கொண்டே போனது. முகம் பார்க்கும் கருவிகளை நீதிமன்றம் தடை செய்த பிறகு, வாரியம் மனிதர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாலைப் பார்க்க ஆரம்பித்திருந்தது. புளிப்பு மட்டும்தான் குற்றம் என்று நினைத்தவனுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

மறைக்க ஒன்றுமில்லை. சொல்லிவிட்டான். லத்திகா கடல் காற்றாலை வேலைக்குப் போனாள், ஒரு வருட ஒப்பந்தம். அது முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது. கடைசியாகப் பேசி எட்டு மாதம். சிக்னல் இல்லை, வைத்துவிடுகிறேன் என்றாள், அவ்வளவுதான்.

ஒருவர் மட்டும் என்று ஆகிவிட்டால் அவனை ஒற்றையர் கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். நாற்பது கட்டில், பொதுக் குழாய். அதற்கு அவன் பயப்படவில்லை. அதைவிட மோசமான இடங்களில் படுத்தவன். ஆனால் கேட்டைத் திறக்கிற லத்திகாவின் அட்டையும் அன்றோடு செத்துவிடும்.

"வருவாங்கன்னு நினைக்கிறீங்களா?"

"வந்தா கேட் திறக்கணுமில்ல."

தாரகை திரையை அணைத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தினமும் ஆறு மணிக்குக் கணக்கு மூடும். இன்று அதற்குள் பாத்திரம் காலியாகிவிட்டால், சரிபார்த்தாயிற்று என்று போட்டுவிடுவாள். இனிமேல் மூன்று நாளுக்கு ஒரு பாக்கெட் தீர வேண்டும்.

"எனக்கு ரெண்டு டம்ளருக்கு மேல போனா வயித்தக் கலக்கும்மா."

"நான் குடிக்கச் சொல்லல, ஐயா."

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. "பாலையா?" என்றான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்துவிட்டாள்.

ஐந்தே முக்காலுக்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். நான்கு வருடமாக எதிரே இருக்கிற கதவு. உள்ளே இருப்பவர் பேர் தெரியாது. பால் இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டான்.

"இல்லீங்க, வேணாம்," என்றது ஒரு ஆண் குரல். கதவு திறக்கவில்லை. "எங்க வீட்ல ரெண்டு பேர் இருக்கோம். எங்களுக்கே நிறைய இருக்கு."

எத்தனை பேர் என்று அவன் கேட்கவே இல்லை.

திரும்பி வந்து பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றான். துறைமுகத்தில் நாற்பது கிலோ பேட்டரிக் கட்டைத் தோளுக்கு ஏற்றுகிற கை, அந்தப் பாத்திரத்தைச் சாய்க்க மாட்டேன் என்றது. ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தான். இன்னொன்றில் பாதி குடித்தான். அதற்குமேல் இறங்கவில்லை. ஆறுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது சாய்த்தான். ஆடை துளைமேல் ஒட்டிக்கொண்டது. அதை விரலால் தள்ளிவிட வேண்டியிருந்தது.

காலிப் பாத்திரத்தை எடைத்தட்டில் வைத்தான். "தீர்ந்தது. இருவர். சரி," என்றது ஃபிரிட்ஜ்.

தொட்டியைக் கழுவப் போனவன் நின்றான். துளைக்குள்ளிருந்து பால் வாசம் மேலே வந்துகொண்டிருந்தது. அவன் ஊற்றியது காய்ச்சிய பால். இது பச்சைப் பால் வாசம். சுவருக்குள் இறங்கும் பெரிய குழாயில் காதை வைத்தான். எதிர்வீட்டுப் பக்கத்திலிருந்து பால் ஊற்றுகிற சத்தம் ஒன்று கேட்டது. மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. பதினாறு மாடியிலும் ஒவ்வொருவராக, அவசரமில்லாமல், ஆறு மணிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர்க் குழாயைத் திருகப் போன கையை எடுத்துக்கொண்டான். கடைசி ஆள் ஊற்றி முடிக்கும்வரை அங்கேயே நின்று கேட்டான்.